வைலாலோ ஊர்ச் சபையில் உங்கள் ஆய்வுக்குழு சண்டை போட்ட விவரம்

மதிப்பிற்குரிய லூசியா அத்தைக்கு, அண்ணன் மகள் தலாலெலே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, பன்றிகள் ஏழு, நான் ஆகிய அனைவரும் கர்த்தர் கிருபையால் நலம். ஆக்லாந்தில் நீங்களும், மாவுக்கட்டுக்குள் உங்கள் கணுக்காலும் நலமாயிருக்க ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம்.

நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். அப்படியே எழுதுகிறேன்; எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் செய்த ஒரு தப்பும் இதில் வருகிறது. அந்த இடம் வரும்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் நீங்கள் எப்படியும் உட்கார்ந்துதான் இருப்பீர்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் நம் வீடுகளும் பள்ளியும் தேவாலயமும் எப்படி மாறுகின்றன என்று ஆராய உங்களுக்கு ஊர்ச் சபையின் சம்மதம் வேண்டும், சபை மறுத்துவிட்டால் மூன்று வருடம் எழுதித் திருத்திய திட்டம் பெட்டிக்குள் போய்விடும் என்று நீங்கள் தொலைபேசியில் அப்பாவிடம் அழுதது எனக்கும் கேட்டது. ஆய்வு அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம் உதவிப் போதகர் தன் கைப்பேசி எழுதிக் கொடுத்த ஜெபத்தை வாசித்ததில், பனியே விழாத நம் தீவில், இந்த வருடப் பனிப்பொழிவுக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினோம். எல்லோரும் ஆமென் என்றோம். நானும்தான்.

உங்கள் குழுவினர் மூவரும் சனிக்கிழமை காலைப் படகில் வந்து இறங்கினார்கள். கணினி ஆள் ஹேமிஷ், சட்டம் படித்த ஓர்லா, பொருளாதாரம் படித்த வெய்மிங். நீங்கள் சொல்லி அனுப்பியபடி, குழுவுக்காக ஒருவர்தான் பேச வேண்டும் என்று வழியிலேயே சொன்னேன். மூவரும் உடனே தலையாட்டினார்கள். அந்த ஒருவர் தான்தான் என்று மூவருமே நினைத்துக்கொண்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சபையில் பெரியவர்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எதிரே பாயில் இவர்கள் சம்மணமிட்டார்கள். மொழிபெயர்க்க நான் நடுவில் இருந்தேன். நம் பேச்சாளர்கள் வழக்கம்போல, ஊர் சார்பில் யார் பேசுவது என்ற வாதத்தைத் தொடங்கினார்கள். உங்களுக்குத் தெரியாததா, அது எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு மரியாதை விருந்தாளிக்கு. பேராயர் வந்தபோது ஒன்றேகால் மணி நேரம் போயிற்று.

"நீங்க இருக்கிற இடத்துல நான் வாயைத் திறக்கலாமா அண்ணே?" என்றார் அப்பா.

"அப்ப மூடிக்கிட்டு உக்காரு தம்பி. போன தடவை நீ பேசினதே இன்னும் காதுல வலிக்குது" என்றார் மூத்த பேச்சாளர் துயாசி.

"அது உங்க காதுல இருக்கிற அழுக்கண்ணே."

நாற்பது நிமிடம் மிக அழகாக நடந்தது. ஆனால் ஹேமிஷ் கொண்டுவந்த மொழிபெயர்க்கும் பலகைக்கணினி அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் திரையை நானும் எட்டிப் பார்த்தேன். "கடும் வாக்குவாதம். உங்களை வரவேற்க ஒருவரும் தயாராக இல்லை. வெளியேறுவது நல்லது" என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. மூவரும் வெளிறிப்போனார்கள். அதெல்லாம் இல்லை என்று நான் ரகசியமாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

"நான் பேசி சரி பண்றேன், இது சட்ட விஷயம்" என்றார் ஓர்லா.

"ஆய்வே மெஷினைப் பத்திதான். மெஷின் தெரிஞ்சவன் பேசணும்" என்றார் ஹேமிஷ்.

"யாருக்கு வேலை போகும்னுதான் இவங்க கேப்பாங்க. அதுக்குப் பதில் என்கிட்டதான் இருக்கு" என்றார் வெய்மிங்.

"உன் சட்டம் வர்றதுக்குள்ள மெஷின் பேரன் பேத்தி எடுத்துடும் ஓர்லா!"

"ஹேமிஷ், நீ ஒரு வடிகட்டின முட்டாள்! உன் மெஷினாலதான் இவ்வளவு கலவரம்!"

நம் பேச்சாளர்கள் தங்கள் வாதத்தை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தார்கள். ஊர்த் தலைவர் லெவாய் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்கம்மா?"

அத்தை, தப்பு வருகிறது. நான் உங்களை நினைத்தேன், அந்தப் பெட்டியை நினைத்தேன், நீங்கள் அழுததை நினைத்தேன். பிறகு எழுந்து, "எங்கள் அருமைச் சகோதரரே, தங்கள் அறிவின் முன் நான் எம்மாத்திரம், தாங்களே பேச வேண்டும் என்று இந்தச் சகோதரி கெஞ்சுகிறார்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிக நீளமான பொய் அதுதான்.

சபையே பூரித்துப்போனது. "அட, இவங்களும் யாரு பேசறதுன்னுதான் வாதாடறாங்களா!" என்றார் துயாசி. "எவ்வளவு நல்லாப் பழகிட்டு வந்திருக்காங்க! எல்லாம் நம்ம லூசியா சொல்லிக் குடுத்தது." அதன் பிறகு ஒவ்வொரு திட்டுக்கும் பெரியவர்கள் கைதட்டினார்கள். தட்டத் தட்ட இவர்களுக்குக் குரல் ஏறியது. 'வறட்டுக் கழுதை'யை 'பொறுமையின் உருவம்' என்றேன். 'தலைக்கனம்' வந்தபோது எனக்கு வார்த்தையே தீர்ந்துவிட்டது, இருமிச் சமாளித்தேன்.

கடைசியில் ஓர்லாவுக்குக் கால் மரத்துப்போனது, வெய்மிங்குக்குத் தொண்டை கட்டியது. மிஞ்சியவர் ஹேமிஷ். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த உரையைப் படிக்கலாம் என்று கணினியைத் தட்டினார். சண்டையை மொழிபெயர்த்தே அதன் மின்சாரம் தீர்ந்திருந்தது. கறுத்த திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மூணு பேரும் மூணு விதமாப் படிச்சோம், ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியல. லூசியாதான் எங்களைச் சேத்து வெச்சிருந்தாங்க. இது அவங்க ஊரு. இந்த மெஷின் உங்களை என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். சொன்னீங்கன்னா கேட்டுக்கறோம்."

இதை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். லெவாய் தனக்கு வந்த முதல் மரியாதைக் கோப்பையை ஹேமிஷிடம் அனுப்பச் சொல்லி, "சம்மதம்" என்றார்.

சம்மதம் கிடைத்துவிட்டது அத்தை! அம்மா சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட பாலுசாமியில் ஓர்லா எட்டு தின்றார். அதில் இரண்டு ஹேமிஷின் தட்டிலிருந்து எடுத்தவை. வெய்மிங், குரல் இல்லாமலேயே, துயாசியோடு ஆடினார்.

என் பொய்யைச் சபையிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் எலும்பு விரைவில் கூடவும், ஆய்வு செழிக்கவும், எனக்கு மன்னிப்புக் கிடைக்கவும் கர்த்தர் துணை நிற்பாராக. அப்பாவின் அன்பும் பன்றிகளின் வணக்கமும் உரித்தாகுக.

உங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
தலாலெலே

பின்குறிப்பு: மேலே உள்ள கெஞ்சலை அடித்துவிடுங்கள். பள்ளி நூலகத்தில் நான் இதை முடித்துக்கொண்டிருந்தபோது, கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளை நகலெடுக்க லெவாய் வந்தார். என் தோளுக்கு மேல் கடிதத்தைப் பார்த்துவிட்டு, சரளமான ஆங்கிலத்தில் பேசினார். "ஆக்லாந்துல இருபத்திரண்டு வருஷம் இறைச்சி ஆலையில வேலை பாத்தவன்மா நான். 'வடிகட்டின முட்டாள்' தினமும் காலையில மேஸ்திரி எனக்குச் சொல்ற வணக்கம். சபையில பாதிப் பேரு அங்க இருந்தவங்கதான். உன் மொழிபெயர்ப்பு அசலை விட நல்லா இருந்துச்சுன்னுதான் கைதட்டினோம்."

"அப்புறம் ஏன் சம்மதிச்சீங்க?" என்றேன்.

"எங்க முன்னாடியே இப்படித் திட்டிக்கிறவங்க, எங்ககிட்ட எதை மறைக்கப் போறாங்க? ஆனா ஒரு நிபந்தனை. ஆய்வு நடக்கிற ரெண்டு வருஷமும் நீதான் மொழிபெயர்க்கணும். அந்த 'தலைக்கனம்' வந்தப்ப இருமினே பாரு, அதுக்கும் ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடிச்சு வை."

அந்த வார்த்தையை யோசித்துக்கொண்டிருக்கிறேன். மணி நான்கு. நூலகர் விளக்குகளை அணைத்துவிட்டார்.