என்னை வைத்து ஜாடை பேசுகிறவர்கள்

மனிதர்களை நீங்கள் எப்போதும் முகத்துக்கு நேரே பார்த்துப் பழகியவர்கள். நான் ஆறு வருடமாகத் தரையிலிருந்து பார்க்கிறேன். முழங்காலுக்குக் கீழே யாராலும் நடிக்க முடியாது; முகம் சிரித்துக்கொண்டிருக்கும், கால் கட்டைவிரல் மட்டும் முறைத்துக்கொண்டிருக்கும். ஆகவே என் ஆராய்ச்சியை நீங்கள் தாராளமாக நம்பலாம். அதில் ஓர் இனத்தாரைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டிய விஷயம் இருக்கும், கேட்க வேண்டியவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார், அவருக்குக் காதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் இவர் அவரிடம் சொல்ல மாட்டார். அவர் காதில் விழுகிற மாதிரி நாயிடம் சொல்வார். இவர்களுக்கு நாய்வழிப் பேசுவோர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாய் நான்தான்.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர். வீட்டில் மொத்தமே மூன்று பேர்தான்.

காலையில் ஆரம்பிக்கும். "டேய், ஈரத் துண்டைக் கட்டில்ல போடறதுக்கா கொடி கட்டி வச்சிருக்குன்னு உங்கப்பாவைக் கேளு" என்பாள் அம்மா. உங்கப்பா என்றால் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறவர். எனக்கு உண்மையில் அப்பா யாரென்றே தெரியாது. பழுதாகி நின்ற ஒரு வேனுக்கு அடியில் பிறந்தவன் நான். அதைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் கவலையில்லை. வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஓர் அப்பா, ஓர் அம்மா, ஓர் அக்கா என்று உறவுமுறை ஒதுக்கியாகிவிட்டது. அப்பா சீப்பைக் கீழே வைக்காமலே பதில் சொல்வார். "கொடி முழுக்க உங்கம்மா போர்வைதான்டா தொங்குது. துண்டைத் தலையிலயா கட்டிக்க முடியும்?" நான் அந்தப் பக்கம் பார்ப்பேன், இந்தப் பக்கம் பார்ப்பேன். வாலை ஆட்டினால் யாருக்காவது ஆதரவு கொடுத்ததாகிவிடுமே என்று அதையும் அடக்கி வைத்திருப்பேன். உறவுமுறையும் நிரந்தரமில்லை. சமர்த்தாக இருக்கும் நாளில் நான் அம்மாவின் செல்லப் பிள்ளை, செருப்பைக் கடித்த நாளில், "உங்க நாய் பண்ணியிருக்கிற வேலையைப் பாருங்க."

இந்த ஏற்பாட்டில் உள்ள வசதியை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மனுஷனிடம் ஒன்றைச் சொன்னால் அவன் திருப்பிச் சொல்வான், ஞாபகம் வைத்துக்கொள்வான், நாலு வருடம் கழித்து எடுத்து நீட்டுவான். நாயிடம் சொன்னால்? "இப்ப என்னைத்தானே சொன்னே?" என்று ஒருவர் பிடித்துக்கொண்டால், "உங்களை யார் சொன்னா? நான் நாய்கிட்டப் பேசிட்டிருக்கேன்" என்று மற்றவர் நழுவிக்கொள்ளலாம். சொன்னதும் ஆயிற்று, சொல்லாததும் ஆயிற்று. இதைவிடப் பத்திரமான பேச்சை மனித குலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இவர்கள் சண்டைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாசமும் என் வழியாகத்தான் போகும். "டேய், உங்கம்மாவுக்கு முட்டி வலிக்குதாம். வாளியை அப்படியே வைக்கச் சொல்லு, நான் தூக்கறேன்" என்று அப்பா சொல்லும்போது அவர் குரல் எவ்வளவு இதமாக இருக்கும் தெரியுமா? அந்த இதம் முழுவதும் என் முதுகைத் தடவிக்கொண்டே செலவாகிவிடும். அம்மாவுக்கு வாளி மட்டும் போய்ச் சேரும்.

வெளியே இவர்கள் வேறு ஆட்கள். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சனிக்கிழமைகளில் என்னையும் அழைத்துப் போவார். மேஜைக்கு அடியில் படுத்திருப்பேன். வருகிறவர் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா? அவசரமே இல்ல, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் கேட்பார். தன் வீட்டில் ஒருவரிடம்கூட ஒரு தடவைகூட இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. வீட்டுக்கும் தொலைபேசி வரும். "சுத்தி வளைக்காதீங்க. தண்ணி வரலயா, வந்து நாறுதா? ரெண்டுல எதுன்னு நேரடியாச் சொல்லுங்க" என்று அதட்டுவாள். எதிர்முனையில் இருப்பவர் உடனே சொல்லிவிடுவார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "சில பேருக்கு டீ குடிச்ச கப்பை எடுத்து வைக்கக்கூட ஆள் வேணும், இல்லடா?" என்பாள். நேரடியாக.

இப்படிப்பட்ட இருவருக்குப் பிறந்தவள் எப்படி இருப்பாள்? அக்காவுக்கு இருபத்துமூன்று வயது. ஒரு டைல்ஸ் கடை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரக்குப் பட்டியல் அடிக்கிறாள். ஆனால் அவள் படித்தது வேறு. விபத்தில் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வடிவமைக்கும் படிப்பு. படிக்கிற காலத்தில் என் முன்னங்காலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அளவு நாடாவால் எட்டு இடத்தில் அளந்து, படம் போட்டு, சுவரில் ஒட்டினாள். அந்தப் படத்தில் என் கால் என்னிடம் இருப்பதைவிட அழகாக இருக்கும். அந்த வேலையைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசும்போதும் அவள் கால்விரல்கள் துள்ளி நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவை துள்ளின. கூடத்தில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா வந்து என் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"டேய், அக்காவுக்கு வேலை கிடைச்சிருக்குடா. செயற்கைக் கால் செய்யற கம்பெனி. ரயில்ல பத்து மணி நேரம். அங்கேயேதான் தங்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் அனுப்பணுமாம்."

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? யாராவது எழுந்து கட்டிப்பிடித்திருப்பார்கள். யாராவது, அவ்வளவு தூரமா என்று அழுதிருப்பார்கள். எங்கள் வீட்டில் செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது. அப்பாவின் குதிகால் சந்தோஷத்தில் தரையைத் தட்டியதை நான் பார்த்தேன். ஆனால் அதை வாயால் சொன்னால் அம்மா வருத்தப்படுவாளோ என்று அவருக்கு யோசனை. எனவே விளையாட்டாக, "ஏன்டா, அக்கா போயிட்டா உன்னை யார் வெளிய கூட்டிட்டுப் போவாங்க?" என்றார். அம்மாவுக்கு அது, போக வேண்டாம் என்று கேட்டது. கணவன் மனம் நோகக் கூடாதே என்று, "நாம என்னடா சொல்றது, அவங்கவங்க இஷ்டம்" என்றாள். அக்காவுக்கு இரண்டுமே போக வேண்டாம் என்றுதான் கேட்டன. கால்விரல்கள் அடங்கிவிட்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நடையில், மூலை மின்கம்பத்தருகே நான் முகர்ந்துகொண்டிருக்கும்போது அப்பா சொன்னார். "எம் பொண்ணு கெட்டிக்காரிடா. அவ போகணும். ஆனா நான் முந்திக்கிட்டுச் சொன்னா உங்கம்மா உடைஞ்சு போயிடுவா. அவ வாயால வரட்டும்." புதன்கிழமை என்னைக் குளிப்பாட்டும்போது அம்மா சொன்னாள். "அவ போகட்டும்டா. அந்த வயசுல எனக்கும் ஒரு வேலை வந்தது, யாரும் போன்னு சொல்லல, நானும் போகல. ஆனா உங்கப்பா தாங்க மாட்டார். அவரே சொல்லட்டும்." சொல்லிவிட்டு என் காதில் சோப்பைப் போட்டுவிட்டாள். வியாழக்கிழமை அக்கா பால்கனியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் மனசில்லடா. யாராவது ஒருத்தர் என் மூஞ்சியைப் பார்த்து, போயிட்டு வான்னு சொன்னாப் போதும், இப்பவே கிளம்பிடுவேன்."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் விரும்புகிறார்கள். அது உலகத்தில் ஓர் உயிருக்குத்தான் தெரியும். அந்த உயிருக்குத்தான் பேச்சு வராது.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. மூவரும் கூடத்தில் இருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அன்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்கள். ஏன் என்று இருவரும் சொல்லவில்லை. அக்கா கையில் போனை வைத்திருந்தாள். நான் வழக்கம்போல நடுவில் படுத்திருந்தேன்.

"மணி நாலரைடா" என்றாள் அக்கா.

"உங்கப்பாவுக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியும்னு நினைக்கிறேன்" என்றாள் அம்மா.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்பை நான் அறிவேன். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார், அதையும் என்னிடம்தான் சொல்லப்போகிறார். "டேய்..." என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். ஆறு வருடத்தில் முதன்முறையாக, ஒருவர் பேச வாயெடுத்தபோது எழுந்தேன். திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். நடுவில் நான் இல்லாவிட்டால் ஒருவரையொருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும்? மூன்று பேர் முகமும் நேருக்கு நேராகிவிட்டன என்பது அந்த நிசப்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது. இதோ, இதோ என்று காதை நிமிர்த்திக்கொண்டேன்.

"நாய் ஏன் எழுந்து போச்சு?" என்றாள் அம்மா.

"ஆமா, ஒரு மாதிரியா இருக்கே" என்றார் அப்பா.

மூன்று பேரும் சமையலறைக்கு ஓடி வந்தார்கள். அப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள்! பல மாதங்களுக்குப் பிறகு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, தெளிவாக, வளவளவென்று பேசிக்கொண்டார்கள். என் வயிற்றைப் பற்றி.

"மத்தியானம் என்ன குடுத்தே?"

"நான் ஒண்ணும் குடுக்கல. நீங்கதான் பிஸ்கட்டா அள்ளிப் போடறீங்க."

"அம்மா, மூக்கு காஞ்சிருக்கும்மா, தொட்டுப் பாரு."

"கண்ணு கலங்கியிருக்கு பாருங்க."

கலங்கத்தான் செய்தது. நான் குரைத்தேன். அக்காவின் போனைப் பார்த்துக் குரைத்தேன். அப்பாவின் கால்சட்டையைக் கவ்வி அவள் பக்கம் இழுத்தேன். "ஐயோ, வலியில என்ன பண்றான் பாரு" என்று அப்பா என்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். வண்டி கிளம்பியது.

விலங்கு மருத்துவரின் முன்னறையில் போய் உட்கார்ந்தபோது ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பூனை. அக்கா தன் மடியில் என் தலையை வைத்துக்கொண்டு, மறு கையால் போனில் எதையோ தட்டினாள். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டாள். "அனுப்பிட்டேன்டா. வரலன்னு சொல்லிட்டேன்" என்றாள், என் காதருகே, அப்பா, அம்மா காதிலும் விழுகிற மாதிரி.

அப்பாவின் கால் அசையவே இல்லை. "சரிடா. அக்கா நம்மகூடவே இருக்கா பாரு" என்றார். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது. "அவ இஷ்டம்டா" என்றாள் அம்மா. மருத்துவர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, "இவனுக்கு ஒண்ணுமே இல்லையே?" என்றார். மூவருக்கும் அப்படியொரு நிம்மதி.

சனிக்கிழமை அப்பா என்னைக் கடைக்கு அழைத்துப் போய், ஆளில்லாத நேரத்தில் மேஜைக்கு அடியில் குனிந்து, "போயிருக்கலாம்டா அவ" என்றார். ஞாயிற்றுக்கிழமை அம்மா அதே வாக்கியத்தைச் சொன்னாள். அக்கா சுவரிலிருந்த என் காலின் படத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மருத்துவருக்கு அது அகப்படவில்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? பாவம் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் நாயே கிடையாது, அதனால் நாங்கள் இந்த இனமில்லை என்று நிமிர்ந்து உட்காருகிறீர்களா? நாய் இல்லாவிட்டால் போகிறது. கைக்குழந்தை இருக்கிறதா? "உங்கப்பாவுக்கு நம்ம ஞாபகம் வந்துடுச்சு பாருடா கண்ணா" என்று அதன் கன்னத்தைக் கிள்ளுவதுண்டா? பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டு, கை தவறிவிட்டது என்பதுண்டா? யாரோ ஒருவர் மட்டும் படித்து உறைக்க வேண்டிய பொன்மொழியை நாற்பது பேர் இருக்கிற குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, அவர் பார்த்துவிட்டாரா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதுண்டா?

அதெல்லாம் இல்லவே இல்லை என்கிறீர்கள். நல்லது, நம்புகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று. மேலே நாலாவது பத்தியைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகம் வந்தது, இல்லையா? பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி, "இதைக் கேளேன், நல்லா எழுதியிருக்கு" என்று உரக்கப் படிக்கலாமா என்று தோன்றியது. வேண்டாம், அது வம்பு என்று, இந்தப் பக்கத்தை விரித்தபடியே அவர் டீ குடிக்க வந்து உட்காரும் இடத்தில், தற்செயலாகக் கிடக்கிற மாதிரி வைத்துவிடப் போகிறீர்கள். தாராளமாக வையுங்கள். இன்றைக்கு உங்கள் வீட்டு நாய் இந்தக் காகிதம்தான்.