வீடு காய்ந்துவிட்டது, மச்சான்

அன்புள்ள வெர்ல் மச்சானுக்கு, யூட்டா செம்பாறைப் பள்ளத்தாக்கிலிருந்து டெல்பர்ட் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் எல்லோரும் உங்கள் குதிரைகளும் சுகம்தானே? பதிலுக்கு, இங்கே சுகம் என்று எழுதுவது முறை. எழுதியதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை ஆர்வில்லா அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ, தெரியாது. அன்று தூரத்து மலைமேல் எங்கோ மழை. "ஓடைப் பக்கம் சத்தம் கேக்குதுங்க, மேட்டுக்குப் போயிடலாம்" என்றாள். நான் வாசலில் நின்று, "தலைக்கு மேல ஒரு மேகத்தைக் காட்டு, வர்றேன்" என்று சவால் விட்டேன். காட்ட அவளுக்கு நேரமில்லை. வருஷமெல்லாம் வெறும் மணலாய்க் கிடக்கிற ஓடை, செம்மண் குழம்பும் வேரோடு பெயர்ந்த மரமுமாக வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. இருவரும் சமையல் மேடைமேல் ஏறி நின்றோம். அங்கே அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க முடியாது. வெள்ளம் வடிந்ததும் பெட்டியைக் கட்டினாள். "வீடு காஞ்சப்புறம் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அண்ணன் வீடுதான்."

சர்ச் ஜனங்கள் மண்வெட்டியோடு வந்து சேற்றை அள்ளினார்கள், ஆளுக்கொரு தட்டு பச்சை ஜெல்லி வைத்துவிட்டுப் போனார்கள். அதில் கேரட் துருவல் வேறு. மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. பிறகு நீர் புகுந்த வீடுகளைக் காயவைக்கும் ரெனே என்ற பெண் வந்து, சுவரை இடுப்பளவு அறுத்தெடுத்து, ஈரம் உறிஞ்சும் யந்திரங்களை அறைக்கு அறை வைத்தாள். தினமும் சுவரில் ஊசிக் கருவியைக் குத்திப் பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள். ஈரம் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. ஊற்று இருக்குமோ என்று தரையைக்கூடத் தோண்டினோம். சுவரில் பூஞ்சை தாடி வளர்த்தது. கடைசியில் அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் சார், அந்த ஏர் கூலர் எப்பலேர்ந்து ஓடுது?"

"நீ மிஷினைப் போட்ட நாள்லேர்ந்துதாம்மா. அதெல்லாம் அனலாக் கக்குதே, மனுஷன் எப்படி இருக்கிறது?"

"அதுல தண்ணி ஊத்துறீங்களா?"

"தண்ணி ஊத்தாம கூலர் எப்படிம்மா ஓடும்?"

அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "நான் உறிஞ்சி உறிஞ்சி வெளிய கொட்டுறேன். நீங்க உள்ள ஊதி விடுறீங்க. பாலைவனத்துல ஒரு வீட்டைக் காயவிடாம பாத்துக்கிட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான் சார்!"

கூலரை நிறுத்தினேன். வெந்து புழுங்கினேன். மச்சான், ஆளில்லாத வீட்டில் யந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அழுதால் யாருக்கும் கேட்காது என்பது ஒரு வசதி. இன்று காலை ரெனே எல்லா இடமும் குத்திப் பார்த்து, எலும்பு மாதிரி காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சனிக்கிழமை ஆர்வில்லாவை அழைத்து வாருங்கள். அவளில்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, குதிரைகளுக்கு முதுகில் ஒரு தட்டு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
டெல்பர்ட்

பி.கு.: உறை ஒட்டும்போது மாவட்ட அதிகாரி வந்தார். இந்த வீடு வெள்ளப் பாதையில் இருக்கிறதாம், இனி யாரும் குடியிருக்கக் கூடாதாம். கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார். கதவு நன்றாகக் காய்ந்திருப்பதால் தாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவளை அழைத்து வர வேண்டாம், நானே வருகிறேன். நான் வந்து சேரும்வரை அவளிடம் வீடு காய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.