டைகருக்குச் சொன்ன 'வாங்க'

துக்க வீட்டுக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. நம்மவர்களில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். வருகிறவர் பேசாமல் வருவார், போகும்போதும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் போவார். என் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்றைக்கு, நான் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி 'வாங்க, வாங்க' என்று கத்தினேன். புத்தி பேதலித்துவிடவில்லை. எல்லாம் நான் நாய் பழக்கிய லட்சணம்.

ஐம்பதுகளின் கடைசி. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலைக்குச் சிபாரிசு கேட்டு தினமும் யாராவது வருவார்கள். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே லோங்காங் ஓடும் (சாக்கடைதான், மலாயில் சொன்னால் நாற்றம் கொஞ்சம் குறையும்). அதைத் தாண்ட ஒரு பலகை. பலகையின் இந்தப் பக்கம் எங்கள் டைகர். பெயர்தான் டைகர், ஆள் கொஞ்சம் பெரிய பூனை அளவு. குரல் மட்டும் பெயருக்கேற்றது.

ஒருநாள் கோயில் நன்கொடை கேட்டு வந்தவர், டைகர் குரைத்த குரைப்பில் பின்னால் நகர்ந்து, சலவை வேட்டியோடு லோங்காங்கில் விழுந்தார். அப்பா அவரைத் தூக்கி விட்டு, குளிக்க வைத்து, தன் வேட்டியைக் கட்டி அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த நாயோட வாயை மூட வை. இல்லேன்னா நாய் பிடிக்கிற வண்டி வரும்போது ஏத்தி விட்டுடுவேன்."

அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் எங்கள் சந்துக்குத் திரும்பியதில்லை. அன்று மாலையே பாடம் தொடங்கினேன். யாராவது பலகையில் கால் வைத்ததும் நான் "வாங்க, வாங்க" என்பேன். டைகர் குரைப்பதை நிறுத்தினால் ஒரு நெத்திலிக் கருவாடு. என் சட்டைப் பையில் எப்போதும் கருவாடு இருக்கும். (பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு எனக்கே எனக்கு. பக்கத்தில் எவன் உட்காருவான்?)

டைகர் கற்றுக்கொண்டது. ரொம்ப நன்றாகவே கற்றுக்கொண்டது. 'வாங்க' காதில் விழுந்தால் போதும், கள்ளன் வந்தாலும் உட்கார்ந்து வாலாட்டும். விழவில்லையென்றால் சொந்த மாமாவையும் உள்ளே விடாது. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் "எம் மவன் பழக்கினது" என்பார். என்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு விடியற்காலை, குளிக்கப் போனவர் குழாயடியிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் 'வாங்க' என்று சொல்லவில்லை. டைகர் ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்தது. பின்கட்டில் கட்டினோம், ஊளையிட்டது. சாவு வீட்டில் நாய் ஊளையிட்டால் இன்னொரு உயிர் போகும் என்று அத்தை அலறவும், அவிழ்த்துவிட்டோம். மறுபடி வாசலுக்கே வந்து நின்றது. பிடித்து இழுத்த மாமாவுக்குக் கட்டைவிரலில் கடி. அப்பாவுக்காக அழ வந்தவர்கள், நாய்க்குப் பயந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்று அழுதார்கள். எனக்கு அழுவதா, நாயைப் பார்ப்பதா என்றே தெரியவில்லை.

தூக்குகிற நேரம் நெருங்கியது. அப்போதுதான் செம்பவாங்கிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். என் அக்கா கல்யாணத்துக்கு அப்பா நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். "வாங்கன்னு வாய் திறந்து கூப்பிடாத வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்று ஒதுங்கிப் போனவர், அன்றைக்குத்தான் வருகிறார். இவரும் இறங்கிப் போகவில்லை, அவரும் இறங்கி வரவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த வீம்பு.

பெரியப்பா பலகையில் கால் வைத்தார். டைகர் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. அவர் காலை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். கூடத்தில் ஆள் கூட்டம், அப்பாவின் கால் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சரி. இந்த வீட்டு நாய்க்குக்கூட என்னைப் பிடிக்கல" என்று சொல்லி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அவர் அப்படியே போயிருந்தால் தம்பியின் முகத்தை இனி எந்த ஜென்மத்திலும் பார்த்திருக்க மாட்டார். அம்மா என்னைப் பார்த்தார். கொள்ளி வைக்க மொட்டையடித்துக் குளித்திருந்த நான், ஈர வேட்டியோடு வாசலுக்கு ஓடினேன்.

"வாங்க பெரியப்பா! வாங்க, வாங்க!"

பறை நின்றது. ஒப்பாரி நின்றது. அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "பொணத்தை வெச்சுக்கிட்டு வாங்கன்னு கூப்பிடுறானே, யாரைக் கூப்பிடுறான் பாவி" என்றார். டைகர் மட்டும் சமர்த்தாக உட்கார்ந்து, சட்டையே போடாத என்னிடம் பையைத் தேடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா திரும்பினார். பலகையைத் தாண்டி உள்ளே வந்து, அப்பாவின் மேல் விழுந்து குழந்தை மாதிரி அழுதார். அதன்பிறகு என் மானம் கப்பலேறியது. அடுத்து வந்தவர்களைப் பார்த்து நாய் மறுபடி ஆரம்பிக்கவும், அம்மா, "சொல்லித் தொலைடா" என்றார். மொட்டையடித்த தலையோடு வாசலில் நின்று, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி ஒவ்வொருவரையும் 'வாங்க, வாங்க' என்றேன். அப்பாவின் வெள்ளைக்காரத் துரை மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ஒரு சாவு என்றால், "அவனை வாசல்ல விடாதீங்க, அடுக்களைப் பக்கம் அனுப்புங்க லா" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். என் பேரப்பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

பெரியப்பா அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். தம்பி வீடு தன்னைக் கூப்பிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் ஒருநாள் உண்மையைச் சொன்னேன்.

"பெரியப்பா, அன்னிக்கு நான் நாயை அடக்கத்தான் வாங்கன்னேன்."

"அது எனக்கு அப்பவே தெரியும்டா. உங்கப்பன் கூப்பிடுவான்னு நின்னிருந்தா, நான் இன்னும் ரோட்டுலதான் நின்னிருப்பேன்."

சொல்லிவிட்டு அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.