சிவப்புச் சீட்டு கட்டிய சக்கரப் படகு

வடக்குப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

என் வீட்டுக்காரர் அமிர்தநாதனுடைய கூடப்பிறந்த தம்பி, ராஜமுந்திரியில் இருக்கும் எபினேசருக்கு, அண்ணி அந்தோணிமேரி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையில் நான் உயிரோடு இருக்கிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் கை போனது. பூசை பார்த்துவிட்டு வந்த கையால் பொய் எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன். நீங்களும் லிசாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றினேன். அது போன ஞாயிறு, நீங்கள் செய்த காரியம் எனக்குத் தெரிவதற்கு முன்னால். போனில் பேசினால் "அண்ணி, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்கு சிக்னல் போகாது. நீங்கள், வாருங்கள் என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன். நடுவில் கோபத்தில் 'நீ' என்று வந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், அடித்துத் திருத்தி எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

விஷயம் என்னவென்றால், வியாழக்கிழமை காலையில் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது நம் வீட்டு வாசலில் கிரேன் வந்து நின்றது. கிரேனுக்கு முன்னால் மணிகண்டபிரபு என்று ஒருத்தர், பழைய படகுகளைப் பாதுகாக்கிற சங்கமாம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார். இவரை எனக்கு முன்பே தெரியும். உங்கள் அண்ணன் செத்த அன்றைக்கு மாலையோடு வந்தவர் இவர்தான். உள்ளே மனுஷன் பெட்டியில் படுத்துக்கிடக்க, இவர் வாசலிலேயே நின்று, அங்கே கிடக்கிற உங்கள் அண்ணனுடைய சக்கரப் படகைப் பார்த்தார், "அடடா, எப்பேர்ப்பட்ட பொக்கிஷம்" என்றார், கொண்டுவந்த மாலையைப் படகுக்குப் போட்டார், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். துக்க வீட்டில் பிணத்துக்கு மாலை போடாமல் படகுக்கு மாலை போட்ட ஆளை என் ஐம்பத்தெட்டு வயசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பேர்ப்பட்டவர் இப்போது என்னைப் பார்த்து, "உங்க கொழுந்தனார் ஓகே சொல்லிட்டாரும்மா, கடற்கரை ரோட்டு ரிசார்ட்டுல நம்ம படகு ராஜா மாதிரி இருக்கப் போவுது" என்கிறார். நம்ம படகாம். கலர் அடிப்பார்களாம், உள்ளே மேசை போடுவார்களாம், ஐஸ்கிரீம் விற்பார்களாம். ரெண்டு பக்கத்துச் சக்கரமும் நடக்கிற வழியில் இடிக்குமாம், அதனால் அதை மட்டும் அறுத்து எடுத்துவிடுவார்களாம். "சக்கரத்த எடுத்துட்டா அது இன்னாயா சக்கரப் படகு?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஃப்ளெக்ஸ்ல போட்டுக்கலாம்மா" என்றார்.

நான் சோற்றுக் கரண்டியோடு படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஆளோடு தூக்கினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று கிரேன்காரப் பையன் இந்தி கலந்த தமிழில் சொல்லிவிட்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்தான். அந்தப் பையன் நன்றாக இருக்கவேண்டும்.

நான் கேட்கிறேன், ஓகே சொல்ல நீங்கள் யார்? இந்தச் சனியனை என் தலையில் கட்டியதே நீங்கள்தானே! அவர் பாட்டுக்கு கியர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனார். எல்லாரும் ரிட்டயர் ஆனால் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். இவர் உங்களைப் பார்க்க ராஜமுந்திரிக்கு வந்தார். நீங்கள் சும்மா இருந்தீர்களா? கோதாவரிக் கரையில் கூட்டிக்கொண்டு போய், ஒரு காலத்தில் நீராவிப் படகுகள் பத்திராசலம் வரைக்கும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனது, ரோடும் பாலமும் வந்த பிறகு எல்லாம் இரும்புக்கடைக்குப் போனது, இதோ பார் ஒன்று மிச்சம் கிடக்கிறது என்று காட்டினீர்கள். குடிகாரனுக்குக் கடையைக் காட்டின மாதிரி. அன்றையிலிருந்து இந்த வீட்டில் சோறு இறங்கவில்லை, படகுக் கதைதான் இறங்கியது. தட்டில் கை வைத்தால், "மேரி, சக்கரப் படகுக்கு ஆழம் தேவையில்ல, முட்டிக்கால் தண்ணி போதும், சக்கரம் தண்ணியத் தட்டிக்கினே போவும்" என்பார். வடக்குப்பட்டு ஏரியில் முட்டிக்கால் தண்ணி எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேன். "வரும்" என்பார். வெள்ளைக்காரன் ஊரில் இப்படி ஒரு கப்பலை உடைக்க மனசு வராமல், கப்பல் பைத்தியம் பிடித்தவர்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு பவுனுக்குக் கொடுத்துவிட்டார்களாம், அவர்கள் அதைச் சரிபண்ணி இன்னமும் ஓட்டுகிறார்களாம். ஒரு பவுன் என்றதும் என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "அது அவுங்க ஊரு காசு மேரி" என்று சிரித்தார்.

கடைசியில் அவர் விலைக்கே வாங்கிவிட்ட அந்தப் படகு வந்த நாளை நினைத்தால் இன்னமும் எனக்கு உடம்பு கூசுகிறது. ட்ரெய்லர் லாரி ஒரகடம் ஜங்ஷனில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுகொண்டது. பின்னால் கம்பெனி பஸ்ஸாக வரிசை கட்டிவிட்டது. செகண்ட் ஷிப்ட் பிள்ளைகள் எல்லாம் இறங்கி வந்து செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ்காரர் வந்து, "யோவ், இன்னாயா இது, வண்டியா, வள்ளமா?" என்றார். "சக்கரம் கீது சார், ஆனா ரோட்ல ஓடாது" என்றார் உங்கள் அண்ணன். "அப்ப இன்னா எழவுக்குயா ரோட்டுக்கு இட்டாந்த?" என்றார். நான் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் வேறு யாரோ மாதிரி நின்றேன்.

சரி வந்தது, ஓரமாகக் கிடக்கட்டும் என்றால், ட்ரயல் என்று ஒன்று வைத்தார். பவர் டில்லர் இன்ஜினை வலது பக்கச் சக்கரத்துக்கு மாட்டி, அதைச் சும்மா சுற்றிக் காட்டுவதற்கு ஊரைக் கூட்டினார். அவருடைய பழைய சூப்பர்வைசர் வரதராஜன், நம் எதிர் வீடுதான், "புது வண்டி எடுத்தா சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெக்காம கெளப்பக் கூடாது அமிர்தம்" என்று ஒரே பிடிவாதம். நாம் வேதக்காரர்கள் என்றால் காதில் வாங்கவில்லை. சக்கரத்துக்கு எட்டுப் பலகை, எட்டுப் பழம். சக்கரம் தரையைத் தொடவில்லை, அதனால் செங்கல் அடுக்கி அதன் மேல் பழத்தை வைத்தார்கள். ஜெபம் பண்ண உங்கள் சபைப் பாதிரி ஐயரையும் வரவழைத்திருந்தார். இன்ஜினைத் தட்டினதும் பலகை பழத்தை நசுக்கவா செய்யும்? கிரிக்கெட் மட்டை மாதிரி வீசி வீசி அடித்தது. முதல் பழம் ஐயருடைய வெள்ளை அங்கியில். இரண்டாவது வரதராஜன் நெற்றியில். மிச்சம் எங்கே போனது என்று தெரியாது, ஒன்று மட்டும் மறுநாள் என் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது. உங்கள் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம்தான். நெஞ்சு வலிக்கிறது என்றார், குன்றத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? எனக்கு இந்தப் படகால் ஒரு பைசா நிம்மதி இல்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும். சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் படகை அடையாளம் வைத்து "போட்டு வூடு இதானே?" என்று பாதி ராத்திரியில் கதவைத் தட்டுகிறார்கள். கல்யாணம் ஆகப்போகிற ஜோடி போட்டோ எடுக்கிறேன் என்று என் துணிக்கொடியை அவிழ்க்கிறது. ஆடு உள்ளே போய்க் குட்டி போடுகிறது. செய்தது எல்லாம் உங்கள் அண்ணன், படுகிறது நான். செத்தும் என் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

அதனால் நான் முடிவு பண்ணிவிட்டேன். அவர் வழியிலேயே பண்ணிவிட்டேன். அவர் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு ஆகாமல் கிடக்கிற சாமான் மேல் சிவப்புச் சீட்டு கட்டித் தேதி போட்டுவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் யாராவது அதை எடுத்து உபயோகித்தால் சீட்டை அவிழ்க்கலாம். இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும், மேனேஜர் சாமானாக இருந்தாலும் சரி. உங்கள் அண்ணன் அந்தச் சீட்டுக் கட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் அம்மிக்கல்லுக்குக் கட்டினார், தையல் மிஷினுக்குக் கட்டினார், ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்து திரும்பிப் போகாமல் இருந்த என் பெரியம்மா மகனுடைய பெட்டிக்குக் கட்டினார். எது எது எங்கே இருக்கவேண்டும் என்று வீடு முழுக்க மஞ்சள் பெயின்ட்டில் கோடு. கரண்டிக்குக் கரண்டி மாதிரிக் கோடு. வாசலில் செருப்புக்கு இரண்டு ஜோடிக் கோடு. ஒரு ஜோடிக் கோடு சும்மா கிடக்கிறது. அதில் நான் என் செருப்பை விடுவதில்லை, யாரையும் விட விடுவதுமில்லை. அது ரூல்.

அவருடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும், அதே கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தேதி போட்டுப் படகில் கட்டினேன். வருகிற சனிக்கிழமையோடு மாதம் முடிகிறது. பழைய இரும்புக்கடை கொம்பையாவிடம் சொல்லிவிட்டேன், கேஸ் கட்டரோடு வருவார். வெட்டித் துண்டு துண்டாகப் போகட்டும். ஐஸ்கிரீம் கடைக்குப் போகாது. உனக்கும் கிடையாது, உன் மணிகண்டபிரபுவுக்கும் கிடையாது. நீ தடுக்க வராதே. அடக்கத்துக்கு வந்தவன் மூன்றாம் நாள் ஜெபத்துக்குக்கூட நிற்காமல் ரயில் ஏறினாய், படகுக்கு மட்டும் போன் பண்ணி ஓகே சொல்கிறாய். வாராவாரம் சக்கரத்தைச் சுற்றிவிடாவிட்டால் இறுகிப்போகும் என்று உங்கள் அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச் விட்டு வந்து சுற்றுவாரே, உனக்கு அது தெரியுமா? வலது சக்கரம் லேசு, ஒரு ஆள் போதும். இடது கனம். "மேரி, ஒரு கை குடு" என்பார். நான் திட்டிக்கொண்டேதான் கொடுப்பேன். இனிமேல் அந்தத் தொல்லையும் இல்லை.

லிசாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு ஆண்டவர் நல்ல புத்தியும், அதற்குப் பிறகு நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும், இந்த வரிசையிலேயே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
அந்தோணிமேரி.

பின்குறிப்பு: தபால்தலை வாங்குவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. கொம்பையாவும் வந்துவிட்டார். சீட்டு கட்டின சாமானை வெட்டுவதற்கு முன்னால் ஒரு சூப்பர்வைசர் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும், அதுவும் ரூல். அதனால் நானே போய் வரதராஜனைக் கூப்பிட்டு வந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகைச் சுற்றி வந்தார்.

"ஒரு மாசமா யாரும் யூஸ் பண்ணலயே?"

"ஒருத்தரும் பண்ணல சார். நீங்க சரின்னு சொல்லுங்க."

"மேல மொளகா காயுது?"

"மொளகா எங்க காயும்? தரையில போட்டா ஆடு துன்னுதே!"

"உள்ள பாய் கீது. தண்ணிச் சொம்பு கீது. பேப்பரு, பேனா..."

"வூட்டுக்குள்ள மூச்சு முட்டுது சார். அங்க குந்தினு என் கொழுந்தனுக்கு லெட்டர் எழுதினேன்."

அதற்குள் கொம்பையா வலது சக்கரத்தை முதலில் அறுக்கலாம் என்று கையை வைத்தார். சக்கரம் சர்ரென்று சுற்றி, பலகை அவர் முழங்கையில் அடித்துவிட்டது. "யக்கா, என்ன இது! துருப்பிடிச்சிக் கெடக்குன்னுல்லா சொன்னிய? கிரீஸ் ஈரம் காயல. யாரு சுத்துதா?" என்றார்.

வரதராஜன் என்னையே பார்த்தார். நான் மிளகாயைக் கிளறப் போய்விட்டேன்.

"ரூலு ரூலுதாம்மா. இது யூஸ்ல கீற சாமானு. வெட்டக் கூடாது" என்று அந்த மனுஷன் என் முன்னாலேயே சீட்டை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டார். கொம்பையா டீயைக் குடித்துவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டே போனார். நான் என்ன செய்ய முடியும், சொல். ரூலை மீற முடியுமா?

சீட்டை நான் கிழிக்கவில்லை. பழைய தேதியை அடித்துவிட்டு வைத்திருக்கிறேன். அது உனக்கு. வந்தவுடன் கட்டிவிடுவேன், ஒரு மாதத்துக்குள் உபயோகப்படுகிறாயா என்று பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. கிரீஸ் டப்பா ஒன்று வாங்கி வா. செருப்பை உன் அண்ணன் கோட்டில் விடாதே, தள்ளி விடு. இடது சக்கரம் இறுக ஆரம்பித்துவிட்டது, எனக்கு ஒரு கை வேண்டும்.