நாடி பிடித்த கை

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாடிக்கையாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். சலூன்காரர் கையில் கத்தி அப்படி நடுங்கியது.

"மீதியை வீட்டுலயே பாத்துக்கறேண்ணே," என்று கழுத்துத் துண்டோடு நடையைக் கட்டினார்.

சலூன்காரர் நாற்பது தாண்டிய தனிக்கட்டை. கொஞ்ச நாளாக நெஞ்சு ஓயாமல் படபடத்தது. சும்மா உட்கார்ந்தாலும் வியர்த்தது. வயிறு நிறையச் சாப்பிட்டும் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. உடம்பு தளர்ந்துவிட்டதென்று காலையில் ஓடிப் பார்த்தார், படபடப்பு கூடியது. தெம்புக்குக் காபியைக் கூட்டினார். கண்ணாடி முன் நின்று தன் மீசையை ஒதுக்கியதில் பாதி போயிற்று. மிச்சத்தையும் வழித்துவிட்டு டாக்டரிடம் போனார்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது, அப்படியே விட்டால் துடிப்பு தாளம் தப்பிவிடும் என்றார். மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வந்து நாடியைக் காட்டச் சொன்னார்.

நாடி பார்த்தவள் ஒரு நர்ஸ். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பாள். ஊரார் தலையையெல்லாம் தொட்டவரை இத்தனை வருஷத்தில் யாரும் இப்படித் தொட்டதில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக மாசம் முழுக்க ஏங்கினார். எல்லாரும் அவளை சிஸ்டர் என்றார்கள். அவருக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

கை நடுக்கம் நின்றது. உடம்பு தேறியது. ரத்தமும் சரியாகிவிட்டது. ஆனால் அவள் எண்ணும் நாடி மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. குழம்பிப்போன டாக்டர் இதயத்தை அடக்க இன்னொரு மாத்திரை கொடுத்தார். அதில் மந்தமாகி, சலூன்காரர் ஒருநாள் வாடிக்கையாளரின் தலைமேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

தன் ஆசைதான் நெஞ்சைக் கெடுக்கிறதென்று அவருக்குப் பட்டது. அடுத்த முறை தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"இனிமே வேற யாராவது பாக்கட்டுங்க. நீங்க தொட்டாத்தான் இது இப்படி ஓடுது."

அவள் முகம் வாடியது. போய்ப் பெரிய நர்ஸை அழைத்து வந்தாள். பெரிய நர்ஸ் எண்ணிப் பார்த்தார். எழுபது. நம்பாமல், அவளையே இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அவள் பிடித்தாள், எண்ணினாள், நூற்றிருபது என்றாள்.

அவள் பிடித்திருந்த பிடியைப் பெரிய நர்ஸ் குனிந்து பார்த்தார்.

"கட்டைவிரலை வெச்சா நாடி பாப்பாங்க? அதுலயே ஒரு நாடி ஓடுமேம்மா. இத்தனை மாசமா நீ எண்ணினது அவரோடது இல்ல, உன்னோடது."