ஜன்னல் அறைக்கு ஒரு சரிக்குறி

மாமனாரும், மச்சானும் அவன் மனைவியும் ஒரு மாதம் தங்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். யார் எந்த அறையில் படுப்பது என்பதை இனிமேல் பாசம் தீர்மானிக்கக் கூடாது. தர்க்கம்தான் தீர்மானிக்க வேண்டும்.

பாசத்தின் மேல் அவருக்குக் கோபம் இருந்தது. போன தடவை அவர்கள் வந்தபோது பாசம் அவரை ஜன்னல் அறையிலிருந்து கிளப்பி, அழுக்குத்துணிக் கூடைக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தது.

கட்டக்காரர் என்பது வீட்டில் வைத்த பெயர். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்கள் பிரிவில் வேலை. வந்து சேர்கிற குடையைப் பார்த்தே அதன் சொந்தக்காரர் குள்ளமா, கோபக்காரரா என்று கண்டுபிடித்துவிடுவார். பல தடவை குடை வேறு ஆளிடம் போயிருக்கிறது, அது வேறு விஷயம். மீதி நேரமெல்லாம் கட்டப் புதிர். தபால்காரர் பச்சைச் சட்டை போடுவதில்லை, பச்சைச் சட்டைக்காரர் பூனை வளர்ப்பதில்லை, அப்படியானால் கிளி யாருடையது? குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. இல்லையென்றால் பெருக்கல் குறி, உண்டென்றால் சரிக்குறி. கடைசியில் மிச்சமிருக்கும் ஒரே கட்டத்தில் கிளி தானாக வந்து உட்காரும். அந்த நிமிஷம் உலகமே ஒழுங்காகிவிட்டது மாதிரி அவருக்குக் கண் சொக்கும்.

அந்தச் சுகம் முழுசாகக் கிடைப்பது ஜன்னல் அறைக் கட்டிலில்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். திரைச்சீலை மெல்ல உள்ளே வரும், வெளியே போகும். மரத்தின் நிழல் சுவரில் ஆடும். மேகங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் நகரும். அங்கே படுத்துவிட்டால் அவர் கணவரும் இல்லை, மருமகனும் இல்லை. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. அந்தக் கட்டிலில் ஒரே ஒரு மத்தியானம் நீட்டிப் படுக்க வேண்டுமென்று அவர் மனைவிக்கும் ரொம்ப நாளாக ஆசை. கேட்கும்போதெல்லாம் "ம்" என்பார். அடுத்த "ம்" வருவதற்குள் தூங்கிவிடுவார்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் சபையைக் கூட்டினார். சபை என்றால் மனைவியும் மகளும்.

"மூணே விதி. குறட்டை விடறவங்களுக்குக் கூடம். அங்கதான் கதவு கிடையாது, சத்தம் தாராளமா பரவும். ஜோடிக்கு மாடி அறை. படிக்கிற பொண்ணுக்கு மேஜை இருக்கற நடு அறை, துணைக்கு அவ அம்மா. கட்டம் போட்டா மிச்சம் தானா வந்துடும்."

"ஜன்னல் அறை?" என்றாள் மனைவி.

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? தர்க்கம் சொல்லும்."

மனைவி, பள்ளிக்கூடத்தில் பாடவேளை அட்டவணை போடுகிறவள். வருஷா வருஷம் இத்தனை வாத்தியார்களை ஒருவர் மேல் ஒருவர் விழாமல் வகுப்புகளில் உட்கார வைக்கிறவள். கட்டக்காரர் அதைக் கலர் பென்சில் வேலை என்பார்.

"விதி ரொம்ப நல்லா இருக்குங்க. நான் ஒண்ணையும் மாத்தச் சொல்லலை. எல்லாருக்கும் ஒரே விதிதானே?"

"தர்க்கத்துக்குத் தாட்சண்யம் கிடையாதும்மா. எனக்கே எதிரா வந்தாலும் நான் கட்டுப்படறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாத்திரம் துடைக்கப் போய்விட்டாள்.

கட்டக்காரர் காகிதமும் பென்சிலுமாக ஜன்னல் அறைக்குப் போய்ச் சாய்ந்தார். மாமனார் குறட்டைக்குப் பேர் போனவர், கூடத்தில் சரிக்குறி. மச்சான் ஜோடி மாடியில். தாயும் மகளும் நடு அறையில். திரைச்சீலை உள்ளே வந்தது, வெளியே போனது. பென்சில் நழுவியது.

கட்டங்கள் பெரிதாகி அறைகளாயின. ஒவ்வோர் அறையாக நடந்தார். பெருக்கல் குறிகள் கத்தரிக்கோல்களாகத் தொங்கின, சரிக்குறிகள் பறவைகளாக எழும்பின. கடைசிக் கட்டத்தின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு படகு. ஏறி உட்கார்ந்தார். படகு மேகங்களின் மேல் மிதந்தது. கீழே தொலைந்த குடைகள் எல்லாம் விரிந்து, பூத்துக் கிடந்தன. அடியில் எங்கேயோ ஒரு மோட்டார் இதமாக ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணில் நீர் வரும் அளவுக்கு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

எழுந்ததும் கடைசிச் சரிக்குறியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வந்துடுச்சு! ஜன்னல் அறைக்கு மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான். நான் என்ன பண்ண முடியும், சொல்லு!"

"முகமே மலர்ந்திருக்கே. நல்ல கனவா?" மனைவி அன்பாகத் தேநீரை நீட்டினாள்.

இவ்வளவு பரிவாக அவரை யாரும் விசாரித்து வெகுநாள் ஆயிற்று. ஒன்று விடாமல் சொன்னார். பறவை, மேகம், குடை.

"அந்த மோட்டார் இருக்கே, அதுதான் அழகு. தாலாட்டு மாதிரி."

"எப்படிங்க இருந்துச்சு சத்தம்? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

கட்டக்காரர் கண்ணை மூடினார், வாயைத் திறந்தார். "கொர்ர்ர்... புஸ்ஸ்... கொர்ர்ர்..."

மகள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அப்பா, அதேதான்! இவ்வளவு நேரம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. அது மோட்டார் இல்லப்பா, நீங்க!"

கட்டக்காரர் திருதிருவென்று விழித்தார். மனைவி பென்சிலை வாங்கினாள். ஜன்னல் அறையில் அவர் பேருக்கு ஒரு பெருக்கல் குறி, கூடத்தில் ஒரு சரிக்குறி.

"விதி உங்களுது. சாட்சியும் நீங்களே. இப்போ ஜன்னல் அறைக்கு மிச்சம் யாரு?"

"நீதான் நடு அறைல துணைக்குப் படுக்கணுமே!" கடைசி நூலைப் பிடித்துத் தொங்கினார்.

"எனக்குத் துணையே வேண்டாம்ப்பா" என்றாள் மகள். "அம்மா பக்கத்துல இருந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவை 'படிக்கிறியா'ன்னு கேப்பாங்க."

கட்டக்காரர் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். விடை மாறவில்லை. எங்கேயும் ஓட்டை இல்லாத அருமையான புதிர் அது, அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். சாப்பாடு ஆனதும் மனைவி ஜன்னல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் மாமனாருக்கும் மருமகனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் மெத்தை. இந்தக் கிழவர் குறட்டையில் மனுஷன் தூங்குவானா என்று கட்டக்காரர் நொந்துகொண்டே கண்ணை மூடினார். மறுபடி படகு வந்தது. இந்தத் தடவை மேகத்தின் மேல் இரண்டு படகுகள், போட்டி. அவருடைய படகு சீறிக்கொண்டு முன்னால் போக, பின்னால் வந்த படகு மெல்ல மெல்லச் சத்தமே இல்லாமல் நின்றுபோனது.

ஜெயித்த களிப்போடு கண் விழித்தார். மாமனார் தலையணையைக் கையில் இடுக்கிக்கொண்டு, சிவந்த கண்களோடு ஜன்னல் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மாடி, எனக்கு வேற இடம் பாரும்மா. மாப்பிள்ளை போடற சத்தத்துல என் குறட்டையே எனக்குக் கேக்கலை!"