இரண்டு சம்பந்திகளும் ஒரே ஓடுபாதையும்

மரியாதை அளவுக்கு மீறினால் ஆபத்து என்பதை மற்றவர்கள் தரையில் இருந்தபடியே தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு மட்டும் அதற்கு அறுநூறு அடி உயரம் தேவைப்பட்டது.

பாலக்கோடு பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். எங்கள் முதலாளிக்கு விமானப் பைத்தியம். ஆலைக்குப் பின்னாலிருந்த தரிசில் ஓடுபாதை போட்டு, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றையும் வாங்கி நிறுத்தியிருந்தார். அவரோடு சேர்ந்து நானும் ஓட்டக் கற்று உரிமம் வாங்கினேன். அங்கே ‘டவர்’ எனப்படும் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. காவலாளி ஒருவர் உண்டு. அவர் வேலை ஆடு விரட்டுவது. யார் இறங்குவது, யார் காத்திருப்பது என்பதை மேலே இருப்பவர்களே ரேடியோவில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். (ஒற்றைப் பாலத்தில் மினி பஸ் ஓட்டுநர்கள் செய்வதுதான். அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.)

என் மகள் கயலுக்கு ஓசூரிலிருந்து ஒரு வரன். பையனும் அவளும் ஒரே அலுவலகம். அவர்களுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. பையனின் அப்பா திம்மராயனும் சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருப்பவர், ஆகவே அவருக்கும் சம்மதம். தயங்கியது பையனின் அம்மா ரத்னம்மா மட்டும்தான். “பொண்ணு வூட்டை நேர்ல பாத்துட்டுத்தான் சொல்வேன்” என்றிருந்தார். ஒரு ஞாயிறு காலை அவரும் கணவரும் விமானத்தில் வருவதாக ஏற்பாடு. அந்த அம்மா தலையாட்டினால் கல்யாணம். இல்லாவிட்டால் என் மகள் அழுவாள்.

நான் மூன்று பக்கத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். (குளித்த நேரத்தைக்கூட நிமிடத்தோடு நாட்குறிப்பில் எழுதுகிறவன் வேறென்ன செய்வான்?) மாப்பிள்ளை வீட்டாரை ஊர் எல்லைக்கே போய் எதிர்கொண்டு அழைப்பது நம் வழக்கம். அவர்கள் வானத்தில் வரும்போது எல்லையும் வானத்தில்தானே இருக்க வேண்டும்? ஒன்பது இருபதுக்கு முதலாளியின் விமானத்தில் என் மனைவி சரோஜாவைப் பட்டுப்புடவையோடு பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

“ஏங்க, வாசல்ல நின்னு வாங்கன்னு சொன்னா பத்தாதா?” என்று கேட்டாள்.

“அது ரெண்டாம் பக்கத்துல வருது” என்றேன்.

மாரண்டஹள்ளிக்கு மேலே சந்தித்தோம். நான் இறக்கையை ஆட்டி வணக்கம் சொன்னேன். அவரும் ஆட்டினார். அதுவரை என் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு சிறப்பாக நடந்ததில்லை. இருவரும் ஆலைக்கு மேலே வந்து சேர்ந்தபோதுதான் மூன்று பக்கத்திலும் ஒரு வரி விட்டுப்போனது தெரிந்தது. யார் முதலில் இறங்குவது?

“நீங்க மொதல்ல எறங்குங்க சம்பந்தி” என்றேன் ரேடியோவில்.

“அதெப்படிங்க? வூட்டுக்காரரு நீங்க. நீங்க எறங்குங்க, நாங்க பின்னால வர்றோம்.”

“விருந்தாளியை மேல சுத்த வுட்டுட்டு நான் எறங்குனா ஊரு சிரிக்காதுங்களா?”

“பொண்ணைப் பெத்தவங்களை மேல வுட்டுட்டு நாங்க எறங்குனா எங்க ஊரு சிரிக்கும்ங்க.”

ஒரு சுற்று முடிந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ரேடியோவில் அவர் பக்கத்திலிருந்து ரத்னம்மாவின் குரல் கேட்டது: “யாராச்சும் ஒருத்தர் எறங்கித் தொலைங்களேன்!”

“அந்தம்மா சொல்றது காதுல வுழுதா? எனக்கு வயித்தைப் பெரட்டுது” என்றாள் சரோஜா.

ஐந்தாவது சுற்றில் எனக்கு ஞானம் பிறந்தது. இதற்கு மேலும் மறுத்தால் அது பெரிய மனிதரை அவமதிப்பதாகும். அன்று காற்றும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கலாம். நான் மேற்குக் கோடியில் இருந்தேன். பொத்தானை அழுத்தி, “சரிங்க சம்பந்தி, உங்க பேச்சைத் தட்டலை. மேற்கால இருந்து நான் எறங்குறேன்” என்றேன். பதில் வரவில்லை. வாக்குவாதம் ஒருவழியாக முடிந்தது என்று நிம்மதியானேன்.

கிழக்குக் கோடியில் இருந்த திம்மராயனுக்கும் அதே நொடியில் அதே ஞானம் பிறந்து, அவரும் பொத்தானை அழுத்தி ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தார். இருவர் ஒரே சமயத்தில் பேசினால் அந்த ரேடியோவில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது.

ஓடுபாதை அழகாக நெருங்கி வந்தது.

“ஏங்க, எதுர்ல என்னமோ வருது.”

“என்ன வருது?”

“சம்பந்தி.”

அதே நேரம் கீழே, ஆரத்தித் தட்டோடு நின்ற கயல் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறாள். தட்டை அப்படியே போட்டுவிட்டு, அதை மூடியிருந்த சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடுபாதையின் நடுவுக்கே ஓடிவந்தாள். அதைப் பார்த்து நான் விமானத்தை மேலே இழுத்து இடப்பக்கம் திரும்பினேன். அவரும் அவருடைய இடப்பக்கம் திரும்பினார். இரண்டு விமானங்களுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதற்கு நாட்குறிப்பில் விட்ட இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. (கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.)

திறந்தபோது கயல் ஓரமாக நகர்ந்து நின்று, அவர் விமானத்தைச் சுட்டி, பிறகு தரையைச் சுட்டினாள். எனக்கு உள்ளங்கையைக் காட்டினாள். அவர் இறங்கினார். நான் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினேன்.

எழுதிவைத்திருந்த வரவேற்புரை முழுதாக மறந்துபோய்க் கைகூப்பி நின்றேன்.

“மன்னிச்சுக்கோணும் சம்பந்தி, தப்பு என்னுது” என்றேன்.

“சேச்சே, என்னுதுங்க.”

“இல்லீங்க, என்...”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க!” என்றார் ரத்னம்மா. “மரியாதை குடுத்தே எங்களைக் கொன்னிருப்பீங்க.” என் மகளுக்குக் கல்யாணம் இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். அவரோ நேராகக் கயலிடம் போனார். “அத்தனை கிட்டத்துல வந்து நின்னியே, பயமா இல்லியாம்மா?”

“பயம்தாங்க அத்தை. ஆனா இவங்களுக்கு யாராச்சும் சொல்லணுமில்ல?”

ரத்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குச் சம்மதம். இந்த மாதிரி ஆளு ஒன்னையே முப்பது வருசமா தனியாச் சமாளிக்கறேன். இப்ப ரெண்டாயிருச்சு. எனக்கும் ஒரு தொணை வேணும்.”

அன்றிலிருந்து இரண்டு குடும்பங்களிலும் கயலுக்குப் பெயர் ‘டவர்’. போன மாதம் பேத்திக்குப் பெயர் வைத்த விருந்தில் பந்தியில் ஒரே ஓர் இலை மிச்சமிருந்தது. நானும் திம்மராயனும் அதன் முன்னால் நின்று, “நீங்க உக்காருங்க” என்று தொடங்கியதுமே கூடம் முழுக்க “டவர்!” என்று கத்தியது. கயல் இடுப்பில் குழந்தையோடு வந்து, மாமனாருக்கு இலையைச் சுட்டினாள். எனக்கு உள்ளங்கையைக் காட்டினாள்.

நான் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சாப்பிட்டேன்.